மூட்டத்துக்குள் சுற்றிய ஆகாயக்கப்பல்

உ
சிவமயம்

கொட்டகலை பஜார்,
ஈசுவர வருஷம், ஆடி மாதம் 12ம் தேதி.

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் எல்லாரும் மழையிலும் குளிரிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ மேலே ஏறுகிறபோதும் கீழே இறங்குகிறபோதும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து வந்து போகிறது, தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் கடையில் மண்ணெண்ணெய் வாசனையே போதாதா என்று என்னிடமே எரிந்து விழுகிறார்கள். பூண்டுலோயாவில் உன் தங்கை தனலெட்சுமிக்கு மாசம் ஏழு ஆகிவிட்டது, வளைகாப்புக்கு நாள் பார்த்திருக்கிறோம், மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள், ஆனால் அவளுக்கு வாய்க்குப் பிடித்தது ஒன்றும் அங்கே கிடைப்பதில்லையாம், மாங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறேன். மழை விட்டபாடில்லை, துணி காய்ந்து பத்து நாளைக்கு மேலிருக்கும், அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் உலர்த்துகிறோம், அப்பாவின் வேட்டியெல்லாம் புகை வாசனை.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போடாமல் இல்லை, ஒன்று எழுதி அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன், அதன் காரணத்தைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆகாயக்கப்பல் ஓட்டுகிற பி லைசென்ஸ் வாங்கிவிட்டேன் அம்மா, இனி மேற்கொண்டு படிக்க மூன்று வழி இருக்கிறது, எதை எடுப்பது என்று நீங்கள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். சென்னையிலேயே இருந்து புதுப் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வேலைக்குப் படிப்பது ஒன்று. நட்சத்திரத்தையும் வரைபடத்தையும் வைத்துக் கடல் தாண்டி வழி கண்டுபிடிக்கிற கணக்குப் படிப்பு இரண்டாவது. மூன்றாவதை நீ எழுதியிருந்தபடியே சொல்கிறேன், தலைக்கு மேலே கித்தான் துணியைப் போட்டு மூடிவிடுவார்களாம், வெளியே வானமும் தெரியாது தரையும் தெரியாதாம், முன்னால் கடிகாரம் மாதிரி இருக்கிற வட்டுகளின் முள்ளுகளை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டுமாம், அதற்குக் கராச்சிக்குப் போக வேண்டுமாம். கண்ணைக் கட்டிக்கொண்டு மாட்டு வண்டி ஓட்டுகிறவனைக் கூட நான் பார்த்ததில்லை, நீ ஆகாயத்தில் அதைச் செய்யப் போகிறேன் என்கிறாய். அப்பா, அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்று கணக்கு எழுதப் போய்விட்டார்கள். நான்தான், வாத்தியாராகவே இரு, மற்ற இரண்டையும் மறந்துவிடு, சென்னையிலேயே நல்ல இடத்தில் பெண் பார்க்கிறோம் என்று நாலு பக்கம் எழுதினேன். அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

ஆனி கடைசியில் ஒரு காலை. எதிர்ச் சாரியில் ரொட்டி சுட்டு விற்கிற பாண் கடை கூடத் தெரியாத மாதிரி மூட்டம் இறங்கியிருந்தது. நான் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், தேயிலைத் தோட்டத்து மேல்லயத்திலிருந்து பால் கொண்டு வருகிற வீரம்மா அளந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம். லாரி என்றுதான் முதலில் நினைத்தேன், லாரி கூரைக்கு மேலே போகுமா. வீரம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள், வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. சத்தம் ஸ்டேஷன் பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி கிரேட்வெஸ்டன் மலைப் பக்கம் போனது. அவ்வளவு பெரிய மலை அங்கே நின்றுகொண்டிருப்பது அந்த ஆகாயக்கப்பலில் இருக்கிறவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று நினைத்தபோதே முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு நாள் கொழும்புப் பக்கம் கப்பல்கள் இறங்குகிற இரத்மலானைக்கு வருகிற சாக்கில் நம் கடைக் கூரைக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவேன் என்று தை மாதம் நீ விளையாட்டாக எழுதியிருந்தாய் பார், அது எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. ராசா, அது நீதான் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆகாயத்தில் எத்தனையோ பேர் பறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்தவன் நீ ஒருவன்தானே.

புள்ளை வழி தெரியாம சுத்துதே வீரம்மா, என்னடி பண்றது என்று நான் அழுதேன். அவள்தான் சொன்னாள், மலையில மூட்டத்துல ஆளு தவறிப்போனா களத்துல தப்பு அடிச்சுத்தாம்மா கூப்புடுவோம், சத்தம் வர்ற பக்கமா எறங்கி வந்துருவாங்க என்று. அவள் புருஷன் செல்லசாமிதான் அந்தத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள்களை எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கிறவன், உனக்குத் தெரியும். ஓடுடி, நான் சொன்னேன்னு அடிக்கச் சொல்லு, பலமா அடிக்கச் சொல்லு என்று அவளை விரட்டினேன். பால் சொம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அப்பா கடையைப் போட்டது போட்டபடி கோயிலுக்குப் போய் மணியைப் பிடித்து ஆட்டினார்கள், முழங்கால் வலி அன்றைக்கு எங்கே போனதோ. எதிரே பாண் கடை அப்புஹாமி விஷயம் கேட்டுவிட்டு, பாண் சுடுகிற தகரத் தட்டை எடுத்து வந்து வாசலில் நின்று தட்டினார். மூட்டத்துக்குள் தப்பும் மணியும் தகரமுமாகக் கொட்டகலையே அதிர்ந்தது. நான் புடைத்த அரிசியில் நடந்திருக்கிறேன், அது கூடத் தெரியவில்லை.

இதில் ஒன்று நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. செல்லசாமிக்குத் தெரிந்தது பெரட்டுத் தப்புதான். அதை அவன் விடாமல் அடித்ததும் மலை மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும், என்னமோ ஏதோ என்று கூடையைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள். ஆகாயத்தில் தவறியவனைக் கூப்பிட்டால் மலையில் ஒழுங்காக வேலை செய்தவர்கள் எல்லாம் வந்து நிற்கிறார்கள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்து, எவன்டா நேரங்கெட்ட நேரத்துல பெரட்டு வச்சது, தோட்டத்த விட்டே வெரட்டிருவேன், உனக்குப் பத்துச்சீட்டுத்தான்டா என்று குதித்தாராம். செல்லசாமி, கடையம்மா சொன்னாங்க சாமி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் அடிக்க ஆரம்பித்தானாம். அதற்குள் மேலே சத்தம் மாறிவிட்டது. சுற்றுவது நின்று, உயர உயரப் போய், மெல்லிசாகி, இல்லாமலே போய்விட்டது. எங்கேயும் இடிக்கிற சத்தம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி அடித்துக் கேட்டுச் சொல்லியனுப்பினார், கப்பல் பத்திரமாக இரத்மலானையில் இறங்கிவிட்டது, ஓட்டியது ஒரு வெள்ளைக்காரப் பையன், நம் தோட்டத்துத் துரைக்கு சிநேகிதன், தோட்டத்தை மேலே இருந்து பார்க்க வந்து மாட்டிக்கொண்டான் என்று. நீ இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்து அழுதேன். யார் பெற்ற பிள்ளையோ, அவனுக்காகவும் சேர்த்துத்தான்.

போன வாரம் அந்தத் துரையே கடை வாசலில் வந்து இறங்கினார். அவர் கோபித்துத் தடுத்து, தோட்டத்து ஆள்கள் வராவிட்டால் நம் கடைக்கு வேறு யார் வருவார்கள், அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் உள்ளே திரைக்குப் பின்னால் நின்றேன். துரையின் தமிழ் உனக்குத் தெரியாதா, அதட்டுகிற தமிழ்தான் அவருக்குத் தெரியும், நேரமில்லாத நேரம் தப்பு அடிக்கச் சொன்ன அம்மா எங்கே இருக்கு என்று கேட்டார். ஆனால் பின்னாலேயே ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன்தான் அந்தக் கப்பலை ஓட்டியவன். தனக்காக ஓர் ஊரே தப்பு அடித்தது என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் பார்க்க வந்திருக்கிறான். அவன் சொன்னதைத் துரை தமிழில் சொன்னார், அதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் சத்தம் ஒன்று கூட அவனுக்குக் கேட்கவில்லையாம். இன்ஜின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலே கேட்காது என்றான். முதலில் கீழே தரை தெரியுமா என்று தேடித்தான் சுற்றினானாம், அது பிசகு என்று அப்புறம் புரிந்ததாம். பிறகு வெளியே பார்ப்பதையே விட்டுவிட்டு முன்னால் இருக்கிற முள்ளுகளை மட்டும் பார்த்து மேலே ஏற்றினானாம். லிங்கம், இதைக் கேள். கப்பல் நேராகப் போகிறபோதே அவன் உடம்பு, ஒரு பக்கம் சாய்கிறாய் சாய்கிறாய் என்று சொன்னதாம், நிமிர்த்து நிமிர்த்து என்று கை துடித்ததாம். முள்ளு மட்டும் இல்லை, நேராகத்தான் போகிறாய் என்றதாம். உடம்பு சொன்னதைக் கேட்டிருந்தால் மலையில்தான் போய் முட்டியிருப்பேன் என்றான். தன் உடம்பையே நம்பாமல் ஒரு சின்ன முள்ளை நம்ப ஒரு மனிதனால் முடியுமா. கித்தான் துணிக்குள்ளே உட்கார வைத்து அதைத்தான் மாசக்கணக்காகப் பழக்கினார்களாம். நீ எழுதிய அதே படிப்பு. துணியை விலக்கிப் பார்க்க வேண்டும் என்று பைத்தியம் பிடித்த மாதிரி இருக்குமாம், வாத்தியார் விடமாட்டாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா முறைத்ததையும் பார்க்காமல் திரையை விலக்கி, அந்த நேரத்துல பயமா இல்லையா தம்பி என்று கேட்டுவிட்டேன். துரை அதை இங்கிலீஷில் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. ரொம்பப் பயம் அம்மா, ஆனால் முள்ளுக்குப் பயம் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றான். அப்புறம் திடீரென்று மூட்டம் கிழிந்து வெளியே வந்துவிட்டானாம். மேலே நல்ல வெயிலாம். கீழே எல்லாம் கடைந்த வெண்ணெய் மாதிரி வெள்ளையாம், அதில் கிரேட்வெஸ்டன் மலையின் தலையும் தூரத்தில் சிவனொளிபாத மலையின் தலையும் மட்டும் நின்றனவாம். நாங்கள் மூட்டத்துக்குள் நின்று அழுத அதே நேரத்தில், எங்கள் தலைக்கு மேலேயே அவ்வளவு வெயில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

போகிறபோது அந்தப் பையன், அன்றைக்கு அடித்ததை ஒருமுறை கேட்க வேண்டும் என்றான். அப்பா குடையைப் பிடிக்க நானும் களத்துக்குப் போனேன், ஊர் என்ன நினைத்தால் என்ன. செல்லசாமி நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு அடித்தான். அந்தப் பையன் தொப்பியில்லாமல் தூறலில் நின்று, அடித்து முடிகிற வரை ஆடாமல் அசையாமல் கேட்டான். முடிந்ததும் போய்ச் செல்லசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கண்டாக்கையா அதற்கப்புறம் பத்துச்சீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. வீரம்மா இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை போ, பால் கூட அளவுக்கு மேலே ஊற்றினாள்.

அன்றைக்கு வந்துதான் உனக்கு எழுதியிருந்ததைக் கிழித்துப்போட்டேன். லிங்கம், நீ கராச்சிக்குப் போய் அந்த மூன்றாவதைப் படி. மனமில்லாமல் சொல்லவில்லை, முழுமனதாகச் சொல்கிறேன். சென்னையே எனக்கு எட்டாத தூரம், கராச்சி எந்தத் திக்கில் இருக்கிறது என்று கூட அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் போ. நீ எந்த வேலையில் சேர்ந்தாலும் என்றைக்காவது ஒரு நாள் மூட்டத்துக்குள் மாட்டத்தான் போகிறாய், அந்த நேரத்தில் உன் அம்மா கத்துவது உனக்குக் கேட்காது என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியார் படிப்பை அப்புறம் படி. அந்தப் பையனுக்குத் துணியை விலக்க விடாமல் சொல்லிக்கொடுத்தாரே ஒரு வாத்தியார், அவரைப் பெற்றவளைக் கண்டால் நான் காலில் விழுவேன். அப்படி ஒரு வாத்தியாராக நீயும் வா, எனக்கு வேறென்ன வேண்டும். கடல் தாண்டுகிற கணக்கையும் உன் இஷ்டம் போல வைத்துக்கொள். பெண் பார்க்கிற விஷயத்தை நான் விட்டுவிட்டேன் என்று மட்டும் சந்தோஷப்படாதே, அது தன் பாட்டுக்கு நடக்கும்.

கராச்சியில் குளிர் எப்படி என்று விசாரித்து எழுது, கம்பளிச் சட்டை பின்னி அனுப்புகிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, இன்ஜின் இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள மறக்காதே. துணிக்குள்ளே உட்கார்ந்திருக்கிறபோது விலக்கிப் பார்க்கத் தோன்றினால் கொட்டகலையை நினைத்துக்கொள், விலக்காதே. முருகன் உனக்கு முன்னால் இருக்கிற முள்ளிலே நின்று உண்மையைக் காட்டட்டும், தீர்க்காயுசாக இரு, போன இடமெல்லாம் நல்ல பேர் எடு.

எல்லாம் படித்து முடித்து என்றைக்காவது நம் மலைக்கு மேலே வந்தால், வருகிற நாளை முன்கூட்டி எழுதிப் போடு. செல்லசாமியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். உனக்குக் கேட்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அடிப்போம்.

இப்படிக்கு,
உன் வரவை மேலே பார்த்தபடி இருக்கும் அம்மா,
சிவகாமசுந்தரி.