அத்தையின் பேரில் வைத்தியம்

அத்தை,

இன்று காலை கோழிக் கொட்டகையின் கூரைமேல் ஈரச் சாக்குகளை விரித்தோம். வெயில் பட்டதும் சாக்கிலிருந்து முன்பு கோழிகள் செத்த கோடையின் அதே புழுங்கிய வாடை கிளம்பியது. வேலையைப் பாதியில் விட்டேன். ஏணியை விட்டு இறங்கி நிழலில் உட்கார்ந்துகொண்டேன். வேலையாட்கள் பார்த்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் உங்கள் நினைவு வந்தது.

அந்தக் கோடையில் ஆழ்குழாய்க் கிணறு வற்றிப்போனது. லாரித் தண்ணீர் வந்து சேர்வதற்குள் கோழிகள் கூண்டுக்குள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, ஒவ்வொன்றாகத் தலை தொங்கிச் செத்தன. குழி தோண்டி அள்ளிப் போட்டேன். சூடு ஆறாத உடம்புகள். அன்று நான் அழவில்லை. எல்லாப் பண்ணையிலும் நடப்பதுதானே என்று உங்கள் மகளிடம் பெரிய ஆள்போலச் சொன்னேன்.

அதன்பின் வெயில் ஏறும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தது. கொட்டகைக்குள் கால் வைக்க முடியவில்லை. நீங்கள் பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்த ஒரு நண்பகலில், தீவன மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு நான் தேம்பியதைப் பார்த்துவிட்டீர்கள். என் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவர், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"மாப்பிள்ளை, நாமக்கல்லுல மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காராமா. போயிட்டு வரலாங்க."

"எனக்கென்ன பைத்தியமாங்க அத்தை? நாலு பேருக்குத் தெரிஞ்சா தலை நிமிர முடியுங்களா? உங்க மகளுக்குக்கூடத் தெரியக் கூடாதுங்க."

சற்று யோசித்தீர்கள். "அப்ப எனக்குத் தூக்கம் வரலைன்னு சொல்லிக்கலாம். நீங்க துணைக்கு வாரீங்க. அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரியில் உங்கள் பேரைத்தான் கொடுத்தீர்கள். உள்ளே போனதும், "சீக்கு எனக்கில்லீங்க சாமி, எங்க மாப்பிள்ளைக்குங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, நான் பேசட்டும் என்று வெளியே போய்விட்டீர்கள். வெயில் தணிந்தாலும் அது கொடுத்த பயம் உள்ளே தங்கிவிடும், அதற்கும் வைத்தியம் உண்டு என்றார் டாக்டர்.

மாதாமாதம் போனோம். உறக்கம் திரும்பியது. மறுபடி கொட்டகைக்குள் போனேன். அதற்குள் நீங்கள் மனசுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொந்தத்தில் பேச்சு பரவிவிட்டது. ஒரு கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்து இலையிலிருந்த பெண் எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். நான் எதிரில் சோற்றைப் பிசைந்தபடி குனிந்திருந்தேன். திரும்பும்போது பேருந்தில், "சொல்லிரட்டுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"விடுங்க. என்னைய இனிமே யாரு பொண்ணு பாக்க வரப் போறாங்க?" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேனே, அதுதான் இன்றும் அறுக்கிறது.

மாரடைப்பில் நீங்கள் போன அன்று, "பாவம், புத்தி சரியில்லாம கஷ்டப்பட்டுச்சு" என்று இழவுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். உங்கள் மகள் அதற்கும் சேர்த்து அழுதாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று மத்தியானம் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்தார். போன வாரம் அவர் கொட்டகையிலும் கோழிகள் செத்திருந்தன. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"உங்க மாமியாரைக் காட்டுனீங்களே, அந்த டாக்டர் எங்கிருக்காருங்க? எங்கூட்டுல அவளுக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

சொல்லும்போதே அவர் விரல்கள் சட்டைப் பொத்தானை விடாமல் திருகிக்கொண்டிருந்தன. என் காது மடல் சுட்டது.

"காட்டுனது அத்தையை இல்லீங்க. என்னையத்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்குந்தானுங்க. அவ நல்லாத்தான் இருக்கிறா" என்றார்.

நாளைக்கு இருவரும் நாமக்கல் போகிறோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தன் தாய்க்குத்தான் சீக்கு என்று உங்கள் மகள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். ஊரார் பேச்சை விடுங்கள், அவளுக்கு எப்படி முகம் காட்டுவேன்? சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. இந்த வெட்கத்தோடேயே எழுந்து போகிறேன், அத்தை.