பொட்டலத்தில் என்ன இருந்தது?

ஜூன் 3

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

நலமா என்று கேட்டால் அதற்காவது பதில் வருமா? மருந்துப் பெட்டிகள் காணாமல் போன அன்று, உங்கள் பொறுப்பிலிருந்த ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமிலிருந்து நீங்கள் பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு பின்வாசல் வழியாகப் போனதாக இன்று கோர்ட்டில் வாட்ச்மேன் சாட்சி சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன பொட்டலம்னு போலீஸ் மூணு தடவை கேட்டிருக்கு. தப்பு செய்யாதவர் அன்னைக்கே சொல்லியிருப்பார்ல?" என்றார் அரசு வக்கீல். நீதிபதி எழுதிக்கொண்டார். நம் வக்கீலோ, "இப்படியே வாயை மூடிட்டிருந்தா தண்டனை நிச்சயம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

எனக்கும் சந்தேகம்தான், மறைப்பானேன்? திருட்டா, இல்லை எவளுக்காவது பரிசா? என் மேல் சத்தியமாகச் சொல்லுங்கள்.

வாயாடி


ஜூன் 9

என் வாயாடிக்கு,

இங்கே ஜெயிலில் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகுதான் அனுப்புகிறார்கள். சுகமாக இருக்கிறேன். பரிசெல்லாம் இல்லை, பைத்தியமே.

மழை பிடித்துவிட்டதாமே. நனையாதே. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய உன் குடையைக் காணோம் என்று இத்தனை மாதமாக நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பதில் எழுதாதே. நான் வாயைத் திறக்க மாட்டேன், நீ நிம்மதியாக இரு.

ஊமைக்கோட்டான்


ஜூன் 14

உங்களுக்கு,

நாலு தடவை படித்தும் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பொட்டலத்தில் இருந்தது என் குடை. அடப்பாவி மனுஷா! என்னையா திருடி என்று நினைத்தீர்கள்?

அன்று அந்தக் குடையை வாங்கிக்கொண்டு போனவன் என் தம்பி. "பஸ்ல தொலைச்சுட்டேன்க்கா" என்றான். நீங்கள் ஆசையாக வாங்கித் தந்தது, திட்டுவீர்கள் என்று பயந்து சொல்லாமல் விட்டேன். நேற்று அவனைப் பிடித்து உலுக்கினேன். நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்டோருக்குள் நுழைந்து பெட்டிகளை எடுத்தானாம், குடையை அங்கேயே மறந்துவிட்டானாம். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான்.

நானும்தான் உங்களைச் சந்தேகப்பட்டேன். ஆனால் கேட்டேன். போலீஸ்காரர்கள்கூட மூன்று தடவை கேட்டார்கள். நீங்கள் கேட்காமலே எனக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன், அடுத்த விசாரணையில் சாட்சி சொல்லக் கூண்டேறுகிறேன். இதைப் பிரித்துப் படிப்பவர் நன்றாகவே படித்துக்கொள்ளட்டும். தம்பியைக் காட்டிக்கொடுத்தபின் அம்மா வீட்டுப் படியேற முடியாது. அதனால் நம் வீட்டில்தான் இருப்பேன்.

விடுதலையானதும் வாருங்கள். வாசலில் நின்று, "நீ எடுத்தியா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். கேட்காமல் உள்ளே வராதீர்கள்.

வாயாடி