பதினான்காம் அடிக்குறிப்பில் இருக்கும் விவசாயி

பாசமுள்ள என் அப்பாவுக்கு,

உங்கள் மகள் படம் எங்கள் சட்டக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இந்த ஆண்டு ஆசிரியர்களின் சாதனைகள் என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறார், இன்னொருவர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார். என் கட்டுரைக்குப் பரிசு என்பதால் என் படம் எல்லோருக்கும் மேலே. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

குற்றாலத்திலிருந்து வரும் தண்ணீரை எந்தக் கிழமை யார் பாய்ச்சுவது என்று இலஞ்சி வயல்காரர்கள் வாய்வார்த்தையாகவே வைத்திருக்கும் முறையைப் பற்றிய கட்டுரை. உங்கள் கடைசி நாட்களில், நீங்கள் படுக்கையில் இருந்தபோது போனில் பதிவு செய்தேனே, நினைவிருக்கிறதா? “சனிக்கெழம நம்ம மொறதான். என்னைக்கும் நம்ம மொறதான்” என்றீர்கள். பதினான்காம் அடிக்குறிப்பில் ‘இலஞ்சி விவசாயி ஒருவர் கூறியது’ என்று போட்டேன். அவர் என் அப்பா என்று போடவில்லை. என் மாணவர்கள் இப்படிச் செய்தால் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுப்பேன்.

போன வாரம் பக்கத்து வயல் பேச்சியம்மாள் சித்தி சாரலில் நனைந்தபடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏட்டி செல்வி, சனிக்கெழம தண்ணி எங்களுதுல்லா. ஒங்க சித்தப்பா ஆஸ்பத்திரில கெடந்த வருசம் பயிர் வைக்கல. அந்த ஒரு வருசம் ஒங்கப்பாவ எடுத்துக்கிடச் சொன்னாவ. பொறவு திருப்பித் தரவே இல்ல. இப்பம் கேட்டா ஒந் தம்பி கோர்ட்டுக்குப் போயிருக்கான். நீ எழுதுனதத்தான் காட்டுதானாம்.”

வேறு இரண்டு வயல்காரர்களைத் தனித்தனியாகக் கேட்டேன். சித்தி சொன்னதையே சொன்னார்கள். தம்பியிடம் பேசினால், “கேஸு முடியுத வரைக்கும் வாயத் தொறக்காத, யக்கா. அப்பா பேர நீயே கெடுக்கப் போறியா?” என்கிறான்.

பயமாக இருக்கிறது அப்பா. பரிசு போகும், வேலையும் போகலாம். தம்பி இனி என் வாசல்படி மிதிக்க மாட்டான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் மறந்துபோய்ச் சொன்னீர்களா, தெரிந்தே சொன்னீர்களா? அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ‘என்னைக்கும்’ என்பதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துகிறீர்கள். மூச்சு வாங்கியதாகவும் இருக்கலாம்.

கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். சித்திக்காகத் தென்காசி கோர்ட்டில் சாட்சி சொல்லவும் சம்மதித்துவிட்டேன். கூண்டில் ஏறியதும் முதலில் என் பெயரைக் கேட்பார்கள், அடுத்து தகப்பனார் பெயரை. உங்கள் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லுவேன்.

உங்கள் மூத்த மகள்,
செல்வி