நூராவை அனுப்பிய வரி

நவம்பர் 20, வியாழன்.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரலை. எல்லாம் லாவண்யாவால வந்தது.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போற கம்பெனி பஸ்ல என் பக்கத்து சீட்டு அவ. தெலுங்குக்காரி, ஆனா தமிழ் நல்லாவே புரியும். நான் எழுதிக்கினு இருக்கிற கதையைக் கேட்கிறதுக்கு அவ ஒருத்திதான் இருக்கா. வெண்முடின்னு ஒரு மலைநாடு, நானே உண்டாக்கினது. கீழ்நாட்டுக்காரங்ககிட்டேருந்து விடுதலைக்குப் போராடுற நாடு. இன்னைக்குக் கடைசி அத்தியாயம் படிச்சுக் காட்டினேன். கொடி ஏறுது. "கீழ்நாட்டார் அனைவரும் அன்றே மலையிறங்கிப் போனார்கள்"னு முடிச்சிருந்தேன். கை தட்டுவாள்னு பார்த்தேன்.

"அக்கா, டீக்கடை நூராவும் போயிட்டாளா?"ன்னு கேட்டா.

நூரா கீழ்நாட்டுக்காரி. போராடுறவங்களுக்கு மூணு அத்தியாயமா டீ ஊத்திக் கொடுத்தவ. எனக்கு அவ ஞாபகமே வரலை.

"அங்கயே பொறந்தவதானே. எங்க போவா, பாவம்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன்.

தாத்தா காலத்துல ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லைக்கோடு போட்டப்போ எங்க குடும்பத்துல யாரும் எங்கேயும் போகலை. எங்க ஊர் நகரி ஆந்திராவுக்குப் போச்சு, நாங்க அதே வீட்டுல இருந்தோம். "தமிழ்நாட்டுக்கே போயிட வேண்டியதுதானே"ன்னு ஸ்கூல்ல ஒருத்தி சொன்னதுக்கு ரெண்டு நாள் சோறு துன்னாம கிடந்தவ நான். அதே நான்தான் ஒரே வரியில நூராவை அனுப்பிட்டேன்.

இப்போ எழுந்து வந்து அந்த வரியை அடிச்சுட்டேன். நூரா கடையிலேயே இருக்கா. வெளியே கொடி ஏறிக்கினு இருக்கு. பாலை அடுப்புல வெச்சுட்டு வாசலைப் பார்த்துக்கினு நிக்கிறா. யாராவது ஒருத்தர் டீ கேட்டு வரணும்.

இதுவரைக்கும் யாரையும் வரவைக்க என்னால முடியலை.