சுகன்யா போட்ட ஓவர்டைம்

வெள்ளி, இரவு.

மில்லில் இத்தனை வருடம் ஓவர்டைம் கணக்கைக் கையால் போட்டவள் நான். புது சாஃப்ட்வேரில் அதற்கு விதி அமைக்கும் வேலையை, போன மாதம் சேர்ந்த சுகன்யாவிடம் கொடுத்துவிட்டார் மேனேஜர். வயிறு எரிந்தது.

மொரப்பூர் ரயில் தாமதமானால், அதில் வருகிறவர்கள் மாலையில் கூடுதல் நேரம் இருந்து ஈடுகட்டிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அது ஓவர்டைம் ஆகாது. அவள் போட்ட விதி அதையும் ஓவர்டைமில் சேர்த்தது. பார்த்தேன். மாட்டிக்கொள்ளட்டும் என்று வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சற்றுமுன் போன் செய்தாள். "அக்கா, ரயில்ல வர்றவங்க கணக்குதான் எனக்குப் புரியலீங்க. உங்களைக் கேட்டுத்தான் முடிப்பேன்னு சார்கிட்ட சொல்லிட்டேங்க."

சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய?

கெட்டிக்காரியாக இருந்தால் போதாதா? நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா?