ஜெகபர் சாதிக் பழுது பார்த்த இஞ்சின்

786

காரைக்கால்
20-2-56

அன்பு மகன் ஜெகபர் சாதிக்குக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் வாப்பாவும் கொல்லையில் கோழிகளும் சுகம், நீ பழுது பார்த்து வைத்துவிட்டுப் போன இஞ்சினுக்கு மட்டும்தான் சுகமில்லை. சைகோனில் உன் உடம்பு எப்படி என்று எழுது. துணிக்கடையில் கணக்கு எழுதுகிற பிள்ளைக்கு இஞ்சின் வைத்தியம் எதற்கு என்று அப்போதே கேட்டேன், நீ காதில் வாங்கவில்லை, இப்போது ஊரே கேட்கிறது.

ஷரீபுன்னிசா சம்பந்தம் என்ன ஆயிற்று என்று நேரே கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஜெய்னுலாபுதீன் மாமா வீட்டில் எல்லோரும் சுகமா என்று கடிதத்துக்குக் கடிதம் விசாரிக்கிறாய். எல்லோரும் சுகம், அவர் மகளும் சுகம். சம்பந்தம்தான் உன் இஞ்சினில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பிரெஞ்சு துரை ஊரைவிட்டுப் போகும்போது துருவேறிக் கிடந்ததை வாங்கி வந்து, பிரித்து மாட்டி, பச்சை பெயிண்ட் அடித்து மாப்பிள்ளை கணக்காய்ப் பளபளவென்று ஆக்கி, வாப்பாவின் படகில் பூட்டியவன் நீ. அதோடு விட்டாயா, கப்பல் ஏறுமுன் மாமாவிடம் போய் உங்கள் படகுகளுக்கும் பூட்டித் தருகிறேன் என்று பெருமை அடித்தாய். அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இந்த இஞ்சின் ஒழுங்காக ஓடட்டும், பெண்ணைத் தருகிறேன் என்கிறார்.

ஓடவில்லை என்று நான் சொல்லவில்லை. அரசலாற்றில் இறக்கினால் முதலில் ஜோராக ஓடும், பிறகு இருமும், விக்கும், நின்றுவிடும். உன் வாப்பா பிளக்கைத் துடைத்தார், புது பிளக் போட்டார், பெட்ரோலைத் துணியில் வடிகட்டினார், கடைசியில் இஞ்சினை வாயில் வந்தபடி வைதார். ஒன்றுக்கும் மசியவில்லை. நம் படகில் துடுப்புப் போடுகிற அல்லா பிச்சை ஒருவருக்குத்தான் அது கட்டுப்படுகிறது. நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார், இருக்குங்க என்பார், மூடுவார், பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுப்பார், கிளம்பிவிடும். வேறு யார் இழுத்தாலும் அசையாது. அவர் ஓதுகிற ஓதலில்தான் ஓடுகிறது என்று கடைத்தெருவில் பேச்சு. அவரும் இப்போது நடையையே மாற்றிக்கொண்டார், பிள்ளைக்கு ஓதிப் பார்வை பார்க்கச் சொல்லி வருகிறவர்களை நாளைக்கு வாங்க என்று அனுப்புகிறார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் இஞ்சினைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுவந்து, தண்ணீர்ப் பீப்பாயில் அதன் காலை முக்கி ஓட்டிப் பார்த்தார்கள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். அல்லா பிச்சை மூடியைத் திறக்கிறபோதெல்லாம் அது புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் ஒழுங்காக ஊற்றுமா, காற்றுப் போக எதிரில் இன்னொன்று போடுகிறோமே. அவர்கள் ஜும்மாவுக்குப் போனதும் போய்ப் பார்த்தேன். காற்றுக்கென்றே மூடி நடுவில் ஒரு பொடி ஓட்டை வைத்துத்தான் செய்திருக்கிறான் வெள்ளைக்காரன், என் அருமை மகன் அதன் மேலும் பெயிண்டை அப்பி அடைத்து வைத்திருக்கிறான். கோணி ஊசியால் குத்தித் திறந்தேன். தொழுதுவிட்டு வந்து இழுத்தார்கள், பெட்ரோல் தீர்கிறவரைக்கும் நிற்கவில்லை. இன்னைக்குக் கொஞ்சம் அழுத்தி ஓதினேங்க என்றார் அல்லா பிச்சை.

உன் வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இஞ்சின்தான் ஓடுதே, இனிமே அவன் எதுக்கு வரணும், அங்கேயே வேலையைப் பார்க்கட்டும், நிக்காஹ்வுக்கு வந்தாப் போதும் என்று சொல்லிக்கொண்டே ஜெய்னுலாபுதீன் மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. இரண்டு பெருநாள் உன்னைப் பார்க்காமல் கழித்தவள் நான், பிரியாணி ஆக்கி இறக்கிவிட்டு ஒரு வாய் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தெருமுனை திரும்புமுன் சவுக்காரத்தை நசுக்கி அந்த ஓட்டையை மறுபடி அடைத்துவிட்டேன்.

மறுநாள் ஜெய்னுலாபுதீன் மாமாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆற்று நடுவில் நின்றது. அல்லா பிச்சை ஓதி ஓதித்தான் கரை சேர்த்தார். ஓதி ஓட்டுற இஞ்சின் எனக்கு வேணாங்க, பூட்டினவன் வந்து என் கண்ணு முன்னால சரி பண்ணட்டும், அன்னைக்கே பேசி முடிச்சுடலாம், ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் வேற இடம் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம் அவர்.

ஆகையால் கப்பலைப் பார். வந்ததும் நேரே மூடியில் கை வைத்து மானத்தை வாங்காதே. எல்லாவற்றையும் பிரித்துப் போடு, உதட்டைப் பிதுக்கு, அரை நாள் போகட்டும், பிறகு ஊசியை நான் தருகிறேன். வாப்பாவிடம் மூச்சு விடாதே, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் கவனத்தையும் தருவானாக. ஐந்து வேளைத் தொழுகையை விடாதே. முதலாளி லீவு தரவில்லை என்று இன்னொரு கடிதம் வந்தால், அந்த ஊசியை அல்லா பிச்சை கையில் கொடுத்துவிடுவேன். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் இருக்கிறான், அவன் ஊரில்தான் இருக்கிறான்.

துஆவுடன்
உன் உம்மா
ஆஸியா பீவி