மீனுக்குப் போர்த்திய பொன்னாடை

அம்மாவுக்கு உன் மகன் வழிவிட்டான் வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? குற்றாலத்தில் நான் சுகம். காய்ச்சல் விட்டுவிட்டது.

சாரல் குளிருக்கு ஒரு போர்வை கேட்டதற்கு, "அதெல்லாம் ரூமுக்கு வாரவங்களுக்குத்தாம்லே" என்றார் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் முதலாளி பால்வண்ணநாதன். அந்தச் சொல்லை மனசில் முடிந்து வைத்திருந்தேன்.

நேற்று கரண்ட் போய், வரவேற்பறை மீன்தொட்டியின் ஹீட்டர் நின்றுவிட்டது. தென்காசியிலிருந்து போனில் கத்தினார்: "மீனு வெறைச்சுச் செத்துரும்லே, எதையாவது போட்டு மூடு."

எதையாவது என்றாரே. மேடை மேடையாக ஏறி வாங்கி, கண்ணாடி அலமாரியில் அவர் அடுக்கி வைத்திருந்த பொன்னாடைகளை எடுத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். தொட்டித் தண்ணீர் பட்டு ஜரிகை முழுக்கப் பாசி நாற்றம். மீன்கள் பிழைத்துவிட்டதால் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

அப்பாவின் கம்பளியைப் பஸ்ஸில் கொடுத்துவிடு. அது வரும்வரை, மிச்சமிருந்த ஒரு பொன்னாடை போதும். அதைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் கூப்பிடுகிறார். கூப்பிடட்டும்.